நல்ல நேரத்துக்குக் காத்திருந்த தண்ணீர்

போன வார அத்தியாயத்தில் சாப்பாட்டுத் தட்டிலிருந்து பாதியில் எழுந்து போன குணசேகரனை வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், மனிதர் இன்னும் வயிறாரச் சாப்பிடவில்லை.

"இந்த நாத்து பிழைச்சா நான் இங்கதான். கருகிப் போச்சுன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு உன்கூட தஞ்சாவூருக்கு வர்றேன். அதுக்கு மேல என்னை எதுவும் கேக்காத" என்று மனைவியிடம் சொன்னவர், அதன் பிறகு வீட்டில் உப்புக்கும் புளிக்கும் மட்டும்தான் வாய் திறந்தார்.

அவர்கள் ஊர் சிற்றம்பூர். நல்லம்மன் வாய்க்காலுக்கு அதுதான் கடைசி ஊர். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஆற்றில் பிரிகிற வாய்க்கால், வழியில் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் கொடுத்தது போக மிச்சத்தைத்தான் இங்கே கொண்டுவந்து சேர்க்கும். போர் மோட்டாரை நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டார் குணசேகரன். மோட்டார் எரிந்துவிட்டது. மெக்கானிக் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்றார். கல்லணை திறந்தாயிற்று, வாய்க்காலில் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். நாற்றுக்கு இந்த நாளைக்கெல்லாம் புரியுமா? அது நுனியில் பழுப்பேற ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஈரம் படாவிட்டால் உழுதுபோட வேண்டியதுதான் என்று அவரே சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இன்று.

அவர் மனைவி கலைமகளைப் பற்றிப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உடற்கல்வி படித்தவள். ஒரு வார இதழில் வருடக்கணக்காக 'அம்மாவுக்கு அரைமணி' என்று உடற்பயிற்சித் தொடர் எழுதியவள். இடுப்பு வலிக்கு இப்படிக் குனி, மூட்டு வலிக்கு இப்படி நட என்று எழுதி எழுதி, ஒரு வாரம் எழுத ஒன்றும் கிடைக்காமல் ஏற்றம் மிதித்தவர்களைப் பற்றி எழுதினாள். கிணற்று மேட்டில், அந்தரத்தில் ஆடும் மரத்தின் மேல் முன்னும் பின்னும் நாளெல்லாம் நடந்தார்களே, எந்த ஜிம்மில் இருக்கிறது அந்தக் கருவி என்று கேட்டாள். கடிதம் கடிதமாக வந்து குவிந்தது. 'அப்படி மிதித்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். பதில் தேடித் தஞ்சாவூர் நூலகத்துக்குப் போனவள்தான். அந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

'ராஜா தூக்காத கல்' என்ற அவளுடைய முதல் சரித்திரப் புத்தகம் அப்படி வந்தது. கோயிலுக்குக் கல் தூக்கியவனின் தோள், வாய்க்கால் வெட்டியவளின் முதுகு, நடவு நட்டவளின் விரல் என்று உடம்பை வைத்தே ஊரின் கதையைச் சொன்னாள். பேராசிரியர்கள் மூக்கைச் சுளித்தார்கள். வாசகர்கள் பதிப்பு மேல் பதிப்பாக வாங்கினார்கள். இப்போது தஞ்சாவூரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஐம்பது பேரை அழைத்துக்கொண்டு கோட்டை, அகழி, வீதி என்று நடந்தபடியே கதை சொல்கிறாள். அங்கேயே குடியிருந்தால் இன்னும் எவ்வளவோ எழுதலாம் என்று அவளுக்கு ஆசை. அதைக் குற்றம் என்று என்னால் சொல்ல முடியாது.

இன்று காலை அவள் போயிருந்தது வேங்கைக்குடிக்கு. வாய்க்காலின் தலைப்பில் இருக்கிற ஊர். குணசேகரனின் தங்கை மாலதியைக் கொடுத்திருப்பது அங்கேதான். புதுத்தண்ணீருக்கு வரவேற்பு, எழுத்தாளர் கையால் விளக்கேற்றல், பிறகு சாப்பாடு. அது முடிந்ததும் தண்ணீரோடு கரையிலேயே நடந்து சிற்றம்பூர் வரை வருவதாகக் கலைமகள் திட்டம் போட்டிருந்தாள். அடுத்த புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அதுதான்.

"அண்ணி, இந்தச் சேர்ல உக்காருங்க. ஃபேன் இந்தப் பக்கம் நல்லா வரும்" என்று மாலதி பட்டுப்புடவை சரசரக்க ஓடி ஓடிக் கவனித்தாள். மாமனார் இராஜாங்கம்தான் விழாக் கமிட்டிக்குத் தலைவர். மருமகளின் அண்ணி பெரிய எழுத்தாளர் என்பதில் அவருக்கு இரண்டு சுற்றுப் பெருமை கூடியிருந்தது.

பந்தலுக்குப் பின்னால் நாயனக்காரர் மெதுவாக எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். வெயில் தென்னங்கீற்று வழியாகப் புள்ளி புள்ளியாக விழுந்து மடியில் அசைந்தது. விழாவுக்குத் தலைமை தாங்குகிற ஒன்றியத் தலைவர் வர வேண்டும், வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். யாரோ ரோஸ்மில்க் கொண்டுவந்து கொடுத்தார்கள். கண் சொக்குகிற நேரம்.

அப்போதுதான் கலைமகள் வாய்க்காலைப் பார்த்தாள். பந்தலை ஒட்டி மதகு. மதகுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் கரை விளிம்பு வரை செம்மண் நிறத்தில் ததும்பி நிற்கிறது. நுரையும் சருகும் மெதுவாகச் சுற்றிச் சுற்றி வருகின்றன. அந்தப் பக்கம் வாய்க்கால் வெடித்துக் கிடக்கிறது.

"மாலதி, தண்ணி ஏன் நிக்குது?"

"நிறுத்தி வச்சிருக்கோம் அண்ணி! விடியக்காலமே வந்துடுச்சு. பலகை போட்டு, வைக்கோல் வச்சுக் களிமண்ணால அடைச்சாச்சு. எல்லாம் உங்களால வந்த யோசனைதான்" என்று சிரித்தபடி மேடையைக் காட்டினாள் மாலதி.

மேடையில் பெரிய ஃப்ளெக்ஸ். ஒரு பக்கம் கலைமகளின் படம், ஐந்து வருடம் இளமையாக. அதன் கீழே அவள் எழுதிய வரி: 'அந்த நாளில் தண்ணீரும் நல்ல நேரத்துக்காக ஊர் எல்லையில் காத்து நின்றது. ஒரு பெண் விளக்கோடு வந்து அழைத்த பிறகே உள்ளே வந்தது.'

கலைமகளுக்கு அந்த வரியை எழுதிய நாள் ஞாபகம் இருந்தது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அத்தியாயத்தை அழகாக முடிக்க வேண்டுமே என்று தோன்றியதை எழுதினாள். எந்தக் கல்வெட்டிலும் அது இல்லை. கற்பனை என்றுதான் படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். வேங்கைக்குடி அதை வழிமுறையாக எடுத்துக்கொண்டுவிட்டது.

"நல்ல நேரம் ஒம்பதரைக்கு இருந்துச்சு. தலைவர் வண்டி பஞ்சர். இப்ப ராகு காலம் புடிச்சிடுச்சு. பன்னெண்டு மணிக்கு மேல அவர் வந்து பேசினதும், நீங்க விளக்கு காட்ட, அவர் கையால பலகையை எடுத்தா ஆச்சு" என்று சொல்லிவிட்டு மாலதி சந்தனக் கிண்ணத்தைத் தேடிப் போனாள்.

தலைவர் பேசினால் எப்போது முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் சாப்பாடு. அதற்கு மேல் புறப்படுகிற தண்ணீர் சிற்றம்பூர் போய்ச் சேரும்போது இருட்டிவிடும்.

இனி நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். கலைமகள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். சும்மா இருந்தால் போதும் என்று தோன்றியது. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. பலகை போட்டவள் அவள் இல்லை. அவள் விருந்தாளி. இப்படியே ரோஸ்மில்க்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், சாயங்காலத்துக்குள் தஞ்சாவூர் தானாகக் கைக்கு வந்துவிடும்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மேல வீதியை ஒட்டிய சந்து, மாடிப் போர்ஷன். சன்னலைத் திறந்தால் கோபுரத்தின் மேல் பாதி. காலையில் நூலகம், மத்தியானம் எழுத்து, மாலையில் வீதியில் விளக்குப் போடும்போது ஒரு நடை. அடுப்பில் காபி டிகாக்‌ஷன் இறங்குகிறது. கூடத்தில் குணசேகரன் உட்கார்ந்திருக்கிறார்.

அங்கேதான் கனவு தடுக்கியது. அவர் கையில் என்ன கொடுப்பது? பேப்பரைக் கொடுத்துப் பார்த்தாள். மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். காய்கறிப் பையைக் கொடுத்தாள். வாசல் வரை போய்த் திரும்பிவந்து, எந்தப் பக்கம் என்று கேட்டார். அவருடைய காலில் சேறு இல்லை. சேறு இல்லாத அந்தக் காலை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. பயந்துபோய்க் கண்ணைத் திறந்தாள்.

"அண்ணன் வரலையா அண்ணி? போன் பண்ணினா எடுக்கவே மாட்டேங்குது" என்றபடி மாலதி சந்தனத்தோடு நின்றாள்.

"நாத்தங்கால்ல இருக்கார்."

"அங்க என்ன வேலை? அதான் போர் தண்ணி பாயுதே."

"மோட்டார் எரிஞ்சு ரொம்ப நாளாச்சு மாலதி. உன்கிட்ட சொல்லலையா? நாத்து கருகிக்கிட்டிருக்கு. இன்னைக்கு சாயந்தரத்துக்குள்ள தண்ணி போகலைன்னா அவ்வளவுதான்."

மாலதியின் கையில் இருந்த கிண்ணம் சாய்ந்து சந்தனம் பட்டுப்புடவையில் கொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. தங்கச்சி வாழ்ற ஊர்ல போய்த் தண்ணி கேக்கறதான்னு ரோஷம். அண்ணி, நான்தான் அண்ணி பலகை போடச் சொன்னேன். மாமா கூட வேணாம்னாரு. நான்தான் புத்தகத்தைப் படிச்சுக் காட்டி..." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"படிச்சுக் காட்டினது நீ. எழுதினது நான்" என்றாள் கலைமகள்.

நாற்காலியை விட்டு எழுந்தாள். வாழ்நாள் முழுக்கக் கல் தூக்கியவர்களைப் பற்றி எழுதிவிட்டு, மாலைக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு ராஜா போல உட்கார்ந்திருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. விறுவிறுவென்று மதகுப் பக்கம் நடந்தாள்.

"அம்மா, எங்க போறீங்க? தலைவர் அய்யம்பேட்டை தாண்டிட்டாராம்" என்று இராஜாங்கம் துண்டைச் சரிசெய்துகொண்டே பின்னால் வந்தார்.

"பலகையை எடுக்கப் போறேங்க."

"ராகு காலம்மா!"

"நாத்துக்கு ராகு காலம் தெரியாதுங்க."

"நீங்களே எழுதியிருக்கீங்களே, நல்ல நேரம் பாத்துத்தான்னு..."

"அது என் இஷ்டத்துக்கு எழுதினதுங்க. தண்ணி எந்தக் காலத்துலயும் யாருக்காகவும் நின்னதில்ல. நிறுத்தினா நிக்கும். நிறுத்தறவங்க மேல இருப்பாங்க, காயறவங்க கீழ இருப்பாங்க. அதைத்தான் நான் எழுதியிருக்கணும்."

பந்தலில் பேச்சு நின்றது. நாயனமும் நின்றது. கலைமகள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு இருந்தது. மேல்பலகையின் ஒரு முனையைப் பிடித்தாள். முதுகால் தூக்காதீர்கள், தொடையால் தூக்குங்கள் என்று எத்தனை வாரம் எழுதியிருப்பாள்! காலை அகட்டி நின்று, மூச்சை இழுத்து, தூக்கினாள். பலகை அசையவில்லை. இன்னொரு முனைக்கு ஆள் வேண்டும்.

தொப்பென்று யாரோ குதித்தார்கள். மாலதி. பட்டுப்புடவை தண்ணீரில் குடையாக விரிந்து மிதந்தது.

"எங்க அண்ணன் நாத்து அண்ணி. நான் புடிக்காம யாரு புடிப்பா?"

"மருமகளே, ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்றார் கரையில் நின்ற இராஜாங்கம்.

"என்ன வேணாலும் சொல்லட்டும் மாமா. சாப்பாட்டுப் பந்தியில வச்சுச் சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன்."

இராஜாங்கம் கெட்ட மனிதர் இல்லை. அவரும் நிலத்தை நம்புகிற ஒரு சம்சாரிதான். மதகுக்கு அந்தப் பக்கம் காய்ந்து கிடந்த வாய்க்காலைப் பார்த்தார். பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "அப்படிப் பிடிச்சா வராதும்மா. களிமண்ணை முதல்ல உதைச்சு விடு" என்று சொல்லிவிட்டுக் கரையோரமாக இறங்கினார்.

பலகை கிளம்பியது. அடுத்ததைத் தண்ணீரே தூக்கி எறிந்தது.

"நீங்க போங்க அண்ணி. இங்க தலைவரையும் மாலையையும் நான் பாத்துக்கறேன்" என்று மாலதி நனைந்த தலையோடு சிரித்தாள்.

கலைமகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையில் நடந்தாள்.

புதுத்தண்ணீரோடு நடந்திருக்கிறீர்களா? அது ஓடாது. நின்று நின்று வரும். வெடிப்பு ஒவ்வொன்றிலும் இறங்கி, குடித்து முடிக்கிற வரை பொறுத்து, பிறகு அடுத்த வெடிப்புக்கு நகரும். முன்னால் சருகும் நுரையும் எறும்பு முட்டையும் மிதந்து வரும். கரண்டைக் காலளவு வந்ததும் எங்கிருந்துதான் தெரியுமோ, கொக்குகள் வந்து இரண்டு பக்கமும் நிற்கும். காய்ந்த மண் நனைகிற வாசனை கூடவே வரும். கலைமகள் தண்ணீர் நின்ற இடத்தில் நின்றாள், நகர்ந்தபோது நகர்ந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கு நேரமே மறந்துவிட்டது. தான் முன்னால் போகிறோமா, தண்ணீர் தன்னை அழைத்துப் போகிறதா என்று தெரியவில்லை. வழியில் ஒரு ஊரில் பெண்கள் விதைநெல்லும் அரளிப்பூவும் தூவினார்கள். "எழுத்தாளரம்மாதானே நீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "சிற்றம்பூர் குணசேகரன் சம்சாரங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே சிரிப்பாக இருந்தது. இன்னொரு ஊரில் பசங்கள் தண்ணீருக்கு முன்னால் படுத்துக்கொண்டு, அது வந்து தொடட்டும் என்று காத்திருந்தார்கள்.

அவள் தலைக்குள் வாக்கியம் எதுவும் ஓடவில்லை. கடைசி அத்தியாயத்துக்கு என்று வந்தவள், ஒரு வரி கூட யோசிக்காமல் நடந்தாள்.

சிற்றம்பூர் எல்லையில் வாய்க்கால் திரும்பும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. தூரத்தில் வரப்பின் மேல் குணசேகரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவள் கத்திக் கூப்பிட்டாள். அவர் தலை நிமிர்ந்தது. முதலில் அவளைப் பார்த்தார். பிறகு அவள் பக்கத்தில் ஊர்ந்து வருவதைப் பார்த்தார். எழுந்து மண்வெட்டியைத் தேடி ஓடினார்.

வாய்மடையை வெட்டிவிட்டதும் தண்ணீர் நாற்றங்காலுக்குள் தவழ்ந்தது. ஓரத்து நாற்று போய்விட்டது. நடுவில் பச்சை மிச்சமிருந்தது. தண்ணீர் பட்டுப் படபடவென்று சின்னச் சின்னக் குமிழ்கள் வெடித்தன. இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"பிழைச்சுக்கும்" என்றார் குணசேகரன்.  கண்ணைப் புறங்கையால் துடைத்ததில் முகமெல்லாம் சேறாகியது.

கலைமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நான் தஞ்சாவூர் பேச்சை விட்டுட்டேங்க. பஸ்ஸுல போய்ட்டு வந்துக்கறேன். நீங்க நடவுக்கு ஆள் சொல்லுங்க" என்றாள்.

 குணசேகரன் மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"ஆள் சொல்ல வேண்டியது ஜெக்கரியா பாய். நான் இல்ல."

அய்யம்பேட்டை ஜெக்கரியா பாய்க்கு நெல் மண்டி. பக்கத்துக் கொல்லைகளை அவர்தான் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறார்.

"என்னங்க சொல்றீங்க?"

"காலையில நீ கிளம்பிப் போனதும் அவருக்கு போன் பண்ணி நிலத்தைத் தர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"நாத்து போகட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொன்னீங்களே! சாயந்தரம் வரைக்கும் இருக்கலாமில்ல?"

"இருந்திருக்கலாம்." அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். நாத்து கருகினதால நான் தஞ்சாவூர் வந்தேன்னா, அது வேற வழியில்லாம வந்ததாத்தான் இருக்கும். உனக்காக வந்ததா ஆகாது. இருபது வருஷத்துல உனக்காகன்னு நான் ஒண்ணும் செஞ்சதில்ல. அதான் நாத்து உசிரோட இருக்கும்போதே சொல்லிட்டேன்."

கலைமகள் அவர் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தாள். காலையில் பந்தலில் தான் கண்ணை மூடி எதற்காகக் காத்திருந்தோம் என்பதை இவரிடம் எப்படிச் சொல்வது? கேட்டது கிடைத்துவிட்டது. கேட்ட கையை நீட்டத்தான் முடியவில்லை.

"எனக்கு வேண்டாங்க" என்றாள் மெல்ல. "பாய்கிட்ட இல்லன்னு சொல்லிடுங்க."

"நானா? கொடுத்த வாக்கை நான் எப்படி மாத்திப் பேசறது? அவர் ஊரெல்லாம் சொல்லியிருப்பாரு. விடிஞ்சதும் வெத்தல பாக்கு பழத்தோட குடும்பமா வர்றாங்க." குணசேகரன் திரும்பி, இத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "எழுதறவ நீதானே? அவருக்கு என்ன சொல்றதுன்னு நீயே யோசி."